சிற்றலை வானொலிப் பெட்டியின் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டின் பன்னிரண்டாவது மாடியில் இருந்துகொண்டு சிற்றலை கேட்பவன் நான். தோட்டத்து வீட்டில் அப்பா வைத்திருந்த பெட்டியைப் பல ஆண்டுகள் கழித்துத் தூசி தட்டி எடுத்தவர்களும், இணையக் கடையில் புதிதாக ஒன்றை வாங்கிவிட்டுக் கையேட்டின் மூன்றாம் பக்கத்திலேயே நின்றுபோனவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், பதில்களை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். தமிழ்ச் சொல் வழக்கில் இருக்கும் இடத்தில் அதையும், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் சொல்லைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டிய இடத்தில் அதையும் எழுதியிருக்கிறேன்.

சிற்றலை என்பது எது? அதில் எது சிறியது?

3 மெகாஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளைச் சிற்றலை என்கிறோம். சிறியது அலையின் நீளம். அது 100 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை இருக்கும். பண்பலையின் அலை மூன்று மீட்டர்தானே, அதுவல்லவா சிறியது என்று கேட்டால் கேள்வி நியாயமானதே. பெயர் வைத்த காலத்தில் பல நூறு மீட்டர் நீளமுள்ள மத்திய அலையோடு ஒப்பிட்டு வைத்துவிட்டார்கள். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

நீளத்தைவிட முக்கியமானது அது பயணம் செய்யும் விதம். கோலாலம்பூரில் 96.3இல் ஒலிக்கும் மின்னல் பண்பலை பார்வைக் கோட்டை ஒட்டியே செல்வதால், அதே நிகழ்ச்சியைப் பினாங்கில் கேட்க வேறோர் அலைவரிசையில் வேறோர் ஒலிபரப்பி தேவைப்படுகிறது. சிற்றலையோ மேலே சென்று, வானின் உயரத்தில் மின்னேறிய காற்றடுக்குகளாக உள்ள அயனிமண்டலத்தில் வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தரையிறங்கும். பினாங்குக்கும் இதற்கும் உள்ள உறவு பழையது. பினாங்கு வானொலிச் சங்கம் 1934இல் இசட்.எச்.ஜே. என்ற நிலையத்தை 49 மீட்டர் சிற்றலையில் தொடங்கி, மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் ஒலிபரப்பியது.

பழைய பெட்டியில் 49, 41, 31, 25, 19 என்று எழுதியிருக்கிறது. புதிய பெட்டியோ கிலோஹெர்ட்ஸ் காட்டுகிறது. இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் கிடைக்கும். 9.6 மெகாஹெர்ட்ஸ் என்றால் 31.25 மீட்டர். நாடுகள் கூடி ஒலிபரப்புக்கென ஒதுக்கிய துண்டுகளுக்கே இந்த மீட்டர்ப் பெயர்கள் வழங்குகின்றன: 49 மீட்டர் என்பது 5900 முதல் 6200 கிலோஹெர்ட்ஸ் வரை, 31 மீட்டர் 9400 முதல் 9900 வரை, 25 மீட்டர் 11,600 முதல் 12,100 வரை, 19 மீட்டர் 15,100 முதல் 15,800 வரை. இடைப்பட்ட பகுதிகள் கப்பல், விமானம், பொழுதுபோக்காகத் தமக்குள் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலி ஆகியவற்றுக்கு உரியவை.

பெட்டியின் மேல் "12 பேண்ட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பி விலையை முடிவு செய்யாதீர்கள். அளவுகோலைப் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டியிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

பகலில் கேட்ட இடத்தில் இரவில் ஒன்றும் இல்லை. பெட்டி பழுதா?

இல்லை, வானம் மாறியிருக்கிறது. அயனிமண்டலத்தின் கீழ் அடுக்கான டி அடுக்கு பகல் வெயிலில் உருவாகி, குறைந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அது கலைந்துவிடும். மேலே உள்ள எஃப் அடுக்கே அலைகளை வளைத்துத் திருப்பி அனுப்புவது. பகலில் அது வலுவாக இருப்பதால் 19, 16, 13 மீட்டர் போன்ற உயர்ந்த அலைவரிசைகளையும் வளைக்கும். இரவில் அது வலுவிழப்பதால் அந்த அலைகள் அதைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். நமக்கு 49, 41, 31 மீட்டர்கள் திறக்கும். ஒரு பாதையில் அந்த நேரத்தில் வளைந்து திரும்பக்கூடிய மிக உயர்ந்த அலைவரிசையைக் கையேடுகள் எம்.யூ.எஃப். என்று குறிப்பிடும். சூரியனின் பதினொரு ஆண்டுச் சுழற்சியோடு அதுவும் ஏறி இறங்கும்.

நில நடுக்கோட்டை ஒட்டி வாழும் நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஆண்டு முழுவதும் பினாங்கில் சூரியன் ஏறக்குறைய மாலை ஏழு மணிக்கும் ஏழே முக்காலுக்கும் இடையில்தான் மறைகிறது. ஐரோப்பாவில் இருப்பவர் குளிர்காலத்துக்கு ஒரு பழக்கமும் கோடைக்கு ஒரு பழக்கமும் வைத்திருக்க வேண்டும். நமக்கு ஏழரை மணிக்கு விளக்கேற்றும் வேளையே என்றைக்கும் அலை மாறும் வேளை.

பக்கத்து ஊர் நிலையம் கேட்கவில்லை, சீனா மட்டும் முழங்குகிறதே?

தரையை ஒட்டிச் செல்லும் அலை விரைவில் சோர்ந்துவிடும். வானத்தில் வளைந்து வரும் அலை வெகுதூரம் தள்ளித்தான் இறங்கும். இரண்டுக்கும் நடுவில் எதுவும் விழாத ஒரு வளையம் இருக்கும். அதற்கு ஸ்கிப் பகுதி என்று பெயர். அலைவரிசை உயர உயர அந்த வளையம் அகலும். ஆகவே முந்நூறு கிலோமீட்டரில் உள்ள நிலையம் அமைதியாக இருக்க, மூவாயிரம் கிலோமீட்டரில் உள்ளது அடுத்த வீட்டில் பேசுவதுபோல் கேட்பது இயல்பே.

60, 90 மீட்டர்களை ஏன் வெப்பமண்டலப் பட்டை என்கிறார்கள்?

நம் இடி மின்னல்தான் காரணம். மின்னலின் கரகரப்பு மத்திய அலையில் மிகக் கடுமையாக விழுவதால், வெப்ப நாடுகள் தங்கள் உள்நாட்டு ஒலிபரப்புக்குச் சற்று உயர்ந்த இந்தப் பட்டைகளைப் பயன்படுத்திக்கொள்ள இடமளிக்கப்பட்டது. ஒரு காலத்தில் காஜாங் ஒலிபரப்பு நிலையத்திலிருந்து மலேசிய வானொலியின் தமிழ்ப் பகுதி 4845 கிலோஹெர்ட்ஸில், அதாவது இந்த 60 மீட்டர்ப் பட்டையில்தான் சென்றுகொண்டிருந்தது. அந்த எண்ணைப் பார்த்தால் முகம் மலரும் வயதானவர்கள் தோட்டப்புறங்களில் இன்னும் இருக்கிறார்கள்.

உணர்திறன் என்ற எண் எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்?

சென்சிடிவிட்டி என்று கையேட்டில் இருக்கும் இந்த எண், இரைச்சலுக்கு மேல் பேச்சு தெளிவாக எழுந்து நிற்க எத்தனை மைக்ரோவோல்ட் (வோல்ட்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) சமிக்ஞை வேண்டும் என்பதைச் சொல்கிறது. எண் சிறியதானால் காது கூர்மை. கடைக்காரர்கள் முதலில் காட்டுவதும் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பதும் இதைத்தான். நகரத்தில் இருப்பவருக்கு இதுவே மிகக் குறைந்த பயனுள்ள எண் என்பது என் கருத்து. உங்கள் கட்டடத்தின் மின் இரைச்சல் ஏற்கெனவே பல மைக்ரோவோல்ட் இருக்கும்போது, அரை மைக்ரோவோல்ட்டைக் கேட்கும் பெட்டி அந்த இரைச்சலைத்தான் இன்னும் நன்றாகக் கேட்கும். சந்தைக் கூச்சலுக்கு நடுவே நிற்பவனுக்குத் தேவை கூர்மையான காது அன்று. வேண்டாததை ஒதுக்கும் காது.

அப்படியானால் தேர்திறன் என்பது அந்த ஒதுக்கும் காதா?

அதேதான். சிற்றலையில் நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன. ஒவ்வொரு நிலையமும் ஓர் ஊர்தி அலையையும், அதன் இரு பக்கத்திலும் ஒலியைச் சுமக்கும் இரண்டு பக்கப்பட்டைகளையும் அனுப்புகிறது. ஒரு பக்கம் நாலரை கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டாலே ஒரு நிலையத்துக்கு ஒன்பது கிலோஹெர்ட்ஸ் இடம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரோ ஐந்தில் நிற்கிறார். நெருக்கத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

பெட்டிக்குள் இருக்கும் வடிகட்டி எவ்வளவு அகலமான துண்டை உள்ளே விடுகிறது என்பதுதான் பேண்ட்விட்த், அதாவது பட்டை அகலம். 6 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் பாட்டு இனிமையாக இருக்கும், பக்கத்து நிலையமும் எட்டிப்பார்க்கும். 3 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்தால் பேச்சு தொண்டை கட்டியதுபோல் ஆகும், ஆனால் தனியாகக் கேட்கும். நல்ல கையேடு இரண்டு எண்களைத் தரும்: சமிக்ஞை 6 டெசிபல், அதாவது மின்னழுத்தத்தில் பாதியாக, குறையும் இடத்தில் வடிகட்டியின் அகலம் எவ்வளவு, 60 டெசிபல், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்காக, குறையும் இடத்தில் எவ்வளவு என்று. இரண்டும் நெருங்கியிருந்தால் வடிகட்டியின் சுவர் செங்குத்தானது. முதல் எண் சிறியதாகவும் இரண்டாவது மிகப் பெரியதாகவும் இருந்தால் அது சுவர் அன்று, சரிவு. வலுவான அண்டை நிலையம் அதில் ஏறி வந்துவிடும். முதல் எண்ணை மட்டும் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கும் கையேட்டைச் சற்றுச் சந்தேகத்தோடே படிக்க வேண்டும்.

இரு நிலையங்களுக்கு நடுவில் கேட்கும் நிலையான விசிலும் இதைச் சேர்ந்ததே. இரண்டு ஊர்தி அலைகள் ஐந்து கிலோஹெர்ட்ஸ் விலகி நின்றால், அந்த வித்தியாசமே ஐந்து கிலோஹெர்ட்ஸ் விசிலாகக் காதில் விழும். செலவில்லாத பரிகாரம் ஒன்று உண்டு: இடைஞ்சல் மேலிருந்து வந்தால், நீங்கள் ஒன்றிரண்டு கிலோஹெர்ட்ஸ் கீழே நகர்ந்து நில்லுங்கள். இரு பக்கப்பட்டைகளிலும் ஒரே பேச்சுதான் இருக்கிறது. ஒன்றை விட்டுக்கொடுத்தாலும் பொருள் கெடாது.

ஒரே நிலையம் இரண்டு இடங்களில் கேட்கிறது. எது உண்மையானது?

முதன்முதலில் நான் சொந்தக் காசில் வாங்கிய கையடக்கப் பெட்டி இப்படித்தான் என்னை ஏமாற்றியது. கப்பல்களுக்கு ஒதுக்கப்பட்ட 16,870 கிலோஹெர்ட்ஸில் ஒரு பெரிய நிலையத்தின் செய்தி கணீரென்று கேட்டது. ஏதோ இரகசிய ஒலிபரப்பைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, ஒரு வாரம் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். உண்மையில் அந்த நிலையம் 17,780இல் இருந்தது. இரண்டுக்கும் இடையே சரியாக 910 கிலோஹெர்ட்ஸ்.

அந்த 910 எங்கிருந்து வந்தது என்பதில்தான் வானொலிப் பெட்டியின் உட்பொருள் இருக்கிறது. எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918இல் வகுத்த சூப்பர்ஹெட்டரோடைன் முறையில், வரும் அலைவரிசை எதுவானாலும் பெட்டி அதைத் தனக்கு வசதியான ஒரே அலைவரிசைக்கு மாற்றிக்கொண்டு, அங்கே வைத்து வடிகட்டிப் பெருக்குகிறது. அதற்கு இடைநிலை அலைவரிசை, சுருக்கமாக ஐ.எஃப். என்று பெயர், பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸ். மாற்றுவதற்காக உள்ளே ஓர் அலையாக்கி, நாம் வைத்த இடத்திலிருந்து 455 மேலே ஓடிக்கொண்டிருக்கும். நான் 16,870இல் வைத்தபோது அது 17,325இல் ஓடியது. 17,325க்கும் 16,870க்கும் வித்தியாசம் 455. 17,325க்கும் 17,780க்கும் வித்தியாசமும் 455. கழித்தலின் விடை ஒன்றாக இருப்பதால் பெட்டிக்கு இரண்டும் ஒன்றே. இப்படி வரும் போலிக்குப் பிம்ப அலைவரிசை, அதாவது இமேஜ் என்று பெயர். இடைநிலை அலைவரிசையின் இருமடங்கு தூரத்தில் நிற்பதே அதன் அடையாளம்.

இதைத் தீர்க்கவே இரட்டை மாற்றம், டபுள் கன்வர்ஷன், வந்தது. சோனி ஐ.சி.எஃப்.-எஸ்.டபிள்யூ.7600ஜி.ஆர்., டெக்சன் பி.எல்.-660 போன்ற பெட்டிகள் முதலில் 55 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே கொண்டுபோய், பிறகு 455க்கு இறக்குகின்றன. பிம்பம் அப்போது நூறு மெகாஹெர்ட்ஸுக்கும் அப்பால் போய்விடுவதால், வாசலிலேயே தடுத்துவிடலாம். உணர்திறன் எண்ணுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுப்பது மேல்.

"டிஜிட்டல்" என்று எழுதியிருந்தால் ஒலி டிஜிட்டலா?

பெரும்பாலும் இல்லை. இந்த ஒரு சொல் மூன்று வேறு பொருள்களைச் சுமக்கிறது. அலைவரிசையை எண்ணாகக் காட்டும் திரை இருந்தால் டிஜிட்டல் என்பார்கள். உள்ளே வடிகட்டும் வேலையைச் சுருள்களுக்குப் பதிலாக ஒரு சில்லு கணக்குப் போட்டுச் செய்தால் அதையும் டிஜிட்டல், டி.எஸ்.பி. என்பார்கள், ஒலிபரப்பே எண்முறையில் வரும் டி.ஆர்.எம். மூன்றாவது. முதல் இரண்டும் உள்ள பெட்டியில் மூன்றாவது கேட்காது, டி.ஆர்.எம். ஒலிபரப்பு அதில் வெறும் சீறலாகவே விழும்.

எஸ்.எஸ்.பி. பொத்தான் எதற்கு? அதை அழுத்தினால் குரல் வாத்துக் குரலாக மாறுகிறது.

சாதாரணச் சிற்றலை நிலையங்களின் வீச்சுப் பண்பேற்ற (ஏ.எம்.) ஒலிபரப்பில் ஊர்தி அலை, முழு அளவில் பண்பேற்றினாலும்கூட, மொத்த ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடுகிறது. ஆனால் அதில் ஒரு சொல்கூட இல்லை. மீதி ஒரு பங்கும் ஒரே செய்தியைச் சொல்லும் இரு பக்கப்பட்டைகளுக்குப் பிரிந்து போகிறது. இது வீண் என்று கருதி ஊர்தி அலையையும் ஒரு பக்கப்பட்டையையும் நீக்கிவிட்டு எஞ்சியதை மட்டும் அனுப்புவதே ஒருபக்கப் பட்டை முறை, அதாவது எஸ்.எஸ்.பி. நீக்கிய ஊர்தி அலையைக் கேட்பவரின் பெட்டி தானே உருவாக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யும் பகுதி பி.எஃப்.ஓ. சேர்க்கும் இடம் சற்றுப் பிசகினாலும் வாத்துக் குரல்தான். எனவே இந்தப் பொத்தானோடு மிக நுண்ணிய திருகு ஒன்றும் இருக்க வேண்டும். 1 கிலோஹெர்ட்ஸ் படியாக மட்டும் தாவும் பெட்டியில் எஸ்.எஸ்.பி. இருந்தும் பயனில்லை.

மேல் பக்கப்பட்டை யூ.எஸ்.பி., கீழ்ப் பக்கப்பட்டை எல்.எஸ்.பி. முதல் பெயரைப் பார்த்துவிட்டு மின்னேற்றும் கம்பியைச் செருகுவதற்குத் துளை தேடியவர் எனக்குத் தெரிந்து இருவர். அமெச்சூர் வானொலியினர் பேசும்போது 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எல்.எஸ்.பி.யையும் மேலே யூ.எஸ்.பி.யையும் வழக்கமாகப் பயன்படுத்துகிறார்கள். பழகிப் பார்க்க, விமானிகளுக்கான வோல்மெட் வானிலை அறிக்கை ஏற்றது: 6676, 11,387 கிலோஹெர்ட்ஸ்களில், யூ.எஸ்.பி.யில், சிங்கப்பூர் முதலிய நிலையங்கள் முறைவைத்து வாசிக்கின்றன.

ஒலி அலை அலையாக ஏறி இறங்கி, சில சமயம் உடைந்தும் போகிறதே?

வானத்தில் இரு வேறு பாதைகளில் வந்த ஒரே அலை, ஒரு நேரம் கைகோத்தும் ஒரு நேரம் மோதியும் சேர்வதால் ஏற்படும் மங்கல் அது. ஏற்ற இறக்கத்தை ஏ.ஜி.சி., அதாவது தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு, ஓரளவு சமன் செய்யும்: சமிக்ஞை குறைந்தால் பெருக்கத்தைக் கூட்டும், கூடினால் குறைக்கும். ஆனால் ஊர்தி அலை மட்டும் தனியே மங்கி, பக்கப்பட்டைகள் நின்றுவிட்டால் ஒலி நொறுங்கும், அதற்கு ஏ.ஜி.சி. மருந்தாகாது. சிங்க் என்று எழுதியிருக்கும் ஒத்திசைவுக் கண்டறிதல்தான் மருந்து. வரும் ஊர்தி அலையோடு இசைந்த ஒன்றைப் பெட்டி தானே நிலையாக உருவாக்கிக்கொள்வதால், வெளியில் உள்ளது மங்கினாலும் உள்ளே உள்ளது மங்காது. கையடக்கப் பெட்டிகளில் இது அரிது. மேலே சொன்ன சோனி, டெக்சன் பெட்டிகள் இரண்டிலும் உண்டு.

சமிக்ஞை முள் 9ஐத் தொட்டால் என்ன பொருள்?

முறைப்படி எஸ்9 என்பது 50 ஓம் உள்ளீட்டில் 50 மைக்ரோவோல்ட். ஒவ்வொரு படியும் 6 டெசிபல், அதாவது மின்னழுத்தம் இருமடங்கு. கையடக்கப் பெட்டிகளில் அந்த முள் அலங்காரம் மட்டுமே. ஏரியலை எந்தப் பக்கம் திருப்பினால் கூடுகிறது என்று பார்க்கப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நீளமான கம்பி கட்டினால் நன்றாகக் கேட்கும் என்றார்கள், கட்டியபின் மோசமாகிவிட்டது.

கையடக்கப் பெட்டி தன் சொந்த நீட்டுக் கம்பியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. இருபது மீட்டர் கம்பி திரட்டிக் கொடுக்கும் எல்லாவற்றையும் விழுங்க முடியாமல் அது திணறும். இல்லாத நிலையங்களெல்லாம் எங்கும் முளைக்கும். இதற்கு ஓவர்லோடு என்று பெயர். லோக்கல்–டி.எக்ஸ். என்ற விசை, அல்லது அட்டென்யுவேட்டர், சமிக்ஞையை வேண்டுமென்றே குறைத்து இதைச் சரிசெய்யும். டி.எக்ஸ். என்பது தொலைதூரம். ஐந்து, ஆறு மீட்டர் கம்பியே பெரும்பாலும் போதும். இடி மேகம் திரண்டால், கேட்டுக்கொண்டிருக்கும் செய்தி பாதியில் நின்றாலும் பரவாயில்லை, வெளிக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். உலகில் மின்னல் மிகுந்த பகுதிகளில் நம் தீபகற்பமும் ஒன்று.

அடுக்குமாடியில் வெறும் உறுமல்தான் கேட்கிறது. விலை கூடிய பெட்டி வாங்கலாமா?

வாங்குவதற்கு முன் ஒரு மாலை நேரத்தைச் செலவிடுங்கள். பெட்டியை மின்கலத்தில் ஓடவிட்டு, வீட்டின் முதன்மை மின்விசையை அணைத்துப் பாருங்கள். உறுமல் நின்றால் எதிரி உங்கள் வீட்டுக்குள்; ஒவ்வொரு விசையாகப் போட்டுப் பார்த்து ஆளைப் பிடித்துவிடலாம். என் வீட்டில் பிடிபட்டவை: சாமி அறையில் இருந்த மலிவான எல்.இ.டி. விளக்கு, மடிக்கணினியின் மின்னேற்றி, இன்வெர்ட்டர் குளிர்சாதனம். சாமி விளக்குக்கு நல்லெண்ணெய்க்கே திரும்பினோம், அம்மாவுக்கும் அதுதான் விருப்பம்.

உறுமல் நிற்காவிட்டால் அது மின்தூக்கியிலிருந்தோ அண்டை வீட்டிலிருந்தோ வருகிறது. காங்கிரீட்டுக்குள் கட்டிய கம்பிகள் வெளி அலையைத் தடுத்து, உள்ளிரைச்சலைச் சுற்றவிடுகின்றன. பெட்டியைச் சன்னல் ஓரத்துக்கு, முடிந்தால் பால்கனிக்குக் கொண்டுபோவது முதல் படி. வளைய ஏரியல், லூப், இரண்டாவது படி: அது அண்மையில் உள்ள மின்புல இரைச்சலை அதிகம் வாங்குவதில்லை, திசையுணர்வும் இருப்பதால், இரைச்சல் வரும் பக்கத்துக்கு அதன் ஊமைப் பக்கத்தைத் திருப்பி வைக்கலாம். இவ்விரண்டும் செய்யாமல் வாங்கும் விலையுயர்ந்த பெட்டி, அதே உறுமலை அழகான ஒலியில் தரும்.

அட்டவணையில் உள்ள நேரம் பொருந்தவில்லையே?

அட்டவணைகள் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். எட்டு மணி கூட்டினால் மலேசிய நேரம். 1982 ஜனவரி 1க்கு முந்திய தீபகற்ப மலேசியக் குறிப்புகளுக்கு ஏழரை கூட்ட வேண்டும், அன்றுதான் கடிகாரங்கள் அரை மணி முன்னே போயின. நிலையங்கள் அலைவரிசையை ஆண்டுக்கு இருமுறை, மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் மாற்றும். பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு பெட்டியைத் திட்டுபவர்கள் அதிகம்.

சின்போ என்றால்?

நிலையத்துக்கு எழுதும் கேட்பு அறிக்கையில் வலிமை, இடையூறு, இரைச்சல், அலைப் பரவல், மொத்தத் தரம் ஆகியவற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை தரும் மதிப்பெண். 55555 முழுமை. அறிக்கையை ஏற்று நிலையம் அனுப்பும் அட்டைக்கு கியூ.எஸ்.எல். என்று பெயர்.

அப்பாவின் பழைய வால்வு பெட்டியை இப்போது போட்டுப் பார்க்கலாமா?

நேரே செருகாதீர்கள். முதலில் பின்புறத்தில் உள்ள மின்னழுத்தத் தேர்வு 110இல் இல்லாமல் 220 அல்லது 240இல் இருக்கிறதா என்று பாருங்கள். அக்காலக் காகித மின்தேக்கிகள் பல பத்தாண்டுகளில் கசியத் தொடங்கியிருக்கும். மின்மாற்றி இல்லாத சில வகைகளில் உள்ளிருக்கும் உலோகச் சட்டமே நேரடி மின்சாரத்தோடு சேர்ந்திருக்கும், தொட்டால் ஆபத்து. இத்தகைய வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மின்தேக்கிகளை மாற்றிய பிறகு போடுங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்கள் உதிரிப் பாகங்களுக்கு ஜாலான் பசார் கடைகளில் விசாரிக்கலாம்.

ஒலி வந்ததும் முள் சரியான இடத்தைக் காட்டுகிறதா என்று சோதிக்க, 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ்களில் வரும் சீனாவின் பி.பி.எம். நேர நிலையத்தைத் தேடுங்கள். நொடிக்கொரு துடிப்பாக அது ஒலிக்கும். அளவுகோலில் முள் பத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைப் பென்சிலால் ஒரு தாளில் குறித்து, பெட்டியின் பின்புறம் ஒட்டி வையுங்கள். என் அப்பாவின் பெட்டியில் அவர் கையெழுத்தில் அப்படி ஒரு தாள் இருந்தது: "31இல் ஒரு நூல் இடம் தள்ளி வை."